லிப்ட்காரரின் சட்டைப்பை

ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களில் பாதிக்கு லிப்ட் ஓட வைத்தவர், தன் வீட்டுக்கு மட்டும் படி ஏறித்தான் போனார். மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். காய்கறிப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போதெல்லாம், "ஊருக்குத்தான் லிப்ட்டு, உனக்கில்லையடி கண்ணே" என்று அவர் பெண்டாட்டி ராகம் போடுவாள். "ஏறு ஏறு, உடம்பு குறையும்" என்று அவர் பின்னாலிருந்து சொல்வார். தெருவில் அவர் லிப்ட்காரர். அவள் லிப்ட்காரர் வீட்டம்மா. அவளுக்கும் தொழில் உண்டு. ஒரு ரெடிமேட் துணிக்கடையின் பின்பக்கம், உடை மாற்றிப் பார்க்கிற அறைக்குப் பக்கத்தில், தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பாள். நீளமான பேண்டைக் குட்டையாக்குவது, தொளதொள சட்டையைப் பிடிப்பது, கிழிந்த பையை மாற்றுவது எல்லாம் அவள் வேலை.

தொழிலில் அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது: பயந்தாங்கொள்ளி. மற்ற மெக்கானிக்குகள் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிக்கிற வேலைக்கு அவர் அரை நாள் எடுப்பார். காரணம் ப்யூஸ் கட்டை. பழைய கட்டடங்களில் லிப்ட் மோட்டார் மொட்டைமாடியில், புறாக்கூண்டு மாதிரி ஓர் அறையில் இருக்கும். அதற்குக் கரண்ட் தருகிற போர்டு கீழே, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும். அந்தப் போர்டில் வெள்ளைப் பீங்கானில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டை. அதைப் பிடுங்கிவிட்டால் மேலே மோட்டார் வெறும் இரும்பு. பிடுங்காமல் விட்டால், எந்த மாடியிலோ யாரோ ஒரு பட்டனை அழுத்தினால் போதும். சக்கரம் சுற்றும், இரும்புக் கயிறு ஓடும், நடுவில் இருப்பது துணியா விரலா என்று அது பார்க்காது. இளவயதில் அவரோடு வேலை பார்த்த ஒருவனின் கையை அது அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு சட்டம். பிடுங்கிய கட்டையைப் போர்டின் மேல் வைக்கக் கூடாது. எவனாவது மேதாவி, கழன்று கிடக்கிறதே என்று திரும்ப மாட்டிவிடுவான். பிடுங்கியவனின் சட்டைப்பையில் அது இருக்க வேண்டும். மேலே இருப்பவன், "கட்டை எங்கே?" என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவன் பையைத் தொட்டுப் பார்த்து, "பையில" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் சக்கரத்தில் கை வைக்கக் கூடாது.

கீழே நிற்பது பெண்டாட்டியின் தம்பி. அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். தனக்கென்று பிள்ளை பிறக்காததில் வந்த பாசமெல்லாம் அவன் தலையிலேயே இறங்கியது. படிப்பு ஏறாத அவனை லிப்ட்காரர்தான் தொழிலுக்கு அழைத்துப் போனார். அவன் அவரை மாமா என்பான், அவர் அவனை மாப்ளே என்பார். மாமா மேலே, மாப்பிள்ளை கீழே. வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. தம்பிக்குக் கல்யாணமாகி, இப்போது வாய் ஓயாமல் பேசுகிற ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது.

பிறகு ஒரு மழைக்காலத்தில், சாதாரணக் காய்ச்சல் என்று லிப்ட்காரர் படுத்தார். காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் போட்டு, தொண்டைக்குள் குழாய் விட்டு, மூச்சை மிஷினிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் கண்ணாடிக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே எந்நேரமும் ஏதோ ஒன்று டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர் மயக்கத்திலேயே குழாயைப் பிடுங்கப் பார்த்தார். நர்ஸ் வெளியே வந்தாள்.

"கையைக் கட்டலைன்னா மறுபடியும் பிடுங்குவார்மா. உயிருக்கே ஆபத்து. கட்டட்டுமா?"

"கட்டுங்க" என்றாள் அவள்.

துணிப்பட்டையால் இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு கட்டினார்கள். அவர் கண் பாதி திறந்து கண்ணாடிப் பக்கம் பார்த்தது. தன்னைத்தான் பார்க்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிழைத்து வந்தார். மறு பிழைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். எமன் வாசலைத் தட்டிவிட்டு வந்த மனுஷன் என்று பக்கத்து வீட்டுக்காரர் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டிய வேகத்தில் அவர் விழப் போனார். மூன்று மாடியையும் தம்பிதான் முதுகில் சுமந்து ஏறினான். தொடை இரண்டும் கைத்தடி போல இளைத்திருந்தன. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குரல் போய்விட்டிருந்தது, குழாய் இருந்த இடம் கரகரவென்று ஒரு காற்றை மட்டும் வெளியே விட்டது. இதெல்லாம் தேறிவிடும் என்று அவள் நினைத்தாள். சோறு போட்டால் சதை வரும், வெந்நீர் கொடுத்தால் குரல் வரும். அவள் கணக்கில் உடம்பு என்பது தைத்தால் ஒட்டிக்கொள்கிற துணி.

உடம்பு கொஞ்சம் தேறத்தான் செய்தது. வேறொன்று தேறவில்லை. பக்கத்து வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு டிங் என்று ஒலித்தால் இவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் போவார். தெருவில் லாரி பின்னால் வரும்போது அடிக்கிற பீப் சத்தத்துக்குப் பட்டப்பகலில் சுவரோடு ஒட்டி நின்றார். கேட்டால், மெல்ல மெல்லச் சொன்னார்.

"அங்க நான் இருந்தது ரூம் இல்லம்மா. லிப்ட்டு. கட்டிலோட என்னை லிப்ட்டுக்குள்ள வெச்சிருந்தாங்க. வெளியில யார் யாரோ பட்டனை அழுத்துறாங்க. டிங்னு கதவு திறக்கும், பக்கத்துல படுத்திருக்கிறவனை இழுத்துட்டுப் போவாங்க. மறுபடியும் கீழ போகும். கீழ போயிட்டே இருக்கும். தரையே இல்ல. கட்டையைப் பிடுங்கணும்னு எனக்குத் தெரியுது. ஆனா கையைக் கட்டிட்டாங்க. என் கையை யாரு கட்டினது?"

"யாரும் கட்டல. எல்லாம் கனவு" என்றாள் அவள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். வேறென்ன செய்வாள்? நான்தான் கட்டச் சொன்னேன் என்று ஒரு நோயாளியிடம் எப்படிச் சொல்வது? அவர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலில் பட்டை உரசிய தழும்பு இன்னும் மங்கலாக இருந்தது. "கனவுதானா?" என்று கேட்டார். "கனவுதான்" என்றாள். அதற்குப் பிறகு அவர் எதையும் உறுதியாகச் சொல்வதை விட்டுவிட்டார். காலையில் மாத்திரை போட்டேனா, போட்ட மாதிரி கனவா? தம்பி நேற்று வந்தானா? தன் கண்ணால் பார்த்ததையே அவளிடம் கேட்டுத்தான் நம்பினார்.

ஒருநாள் பழைய கருவிப் பெட்டியைக் குடைந்து, ஓரம் உடைந்த ஒரு ப்யூஸ் கட்டையை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். பீங்கானின் குளிர்ச்சி கையில் ஏறியதும், வியர்வை அடங்கியது. கட்டை தன்னிடம் இருக்கிறது, இனி எதுவும் நகராது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் அவர் நிம்மதியாகத் தூங்கியதைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்குப் பையில் கனமிருந்தால்தான் பயம் போனது. சட்டையைத் துவைத்துக் காய வைத்ததும் முதல் வேலையாகக் கட்டையை எடுத்துப் பையில் போட்டு வைப்பாள். "கட்டையில போக இருந்தவர் கட்டையோட தூங்குறார்" என்று தம்பியிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

தம்பி அவரை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் கிடந்தவர்களுக்கு இப்படி வருவது உண்டு என்றார் அந்த டாக்டர். உடம்பு, மனசு, ஞாபகம் மூன்றிலும் அடி விழுமாம். சிலருக்கு மாதக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும், ஆபத்தான வேலை இப்போதைக்கு வேண்டாம். பிறகு சில சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். லிப்ட்காரர் இரண்டு சொன்னார், அப்புறம் கூரையைப் பார்த்தார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எல்லா எண்களும் ஒரே பக்கத்தில் குவிந்துவிட்டன. பெரிய மோட்டாரை நட்டு நட்டாகக் கழற்றி மாட்டுகிறவர், சின்னப் பிள்ளை மாதிரி ரப்பரால் அழித்து அழித்து அந்தக் காகிதத்தைக் கிழித்தே விட்டார்.

"இனிமே என்னை யாரும் பரீட்சை வைக்கக் கூடாது" என்றார் வீடு வந்ததும்.

பிறகு வேலை, வேலை என்று பிடித்துக்கொண்டார். வேலைக்குப் போனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றார். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் கீழே இறங்குகிறது என்றார். டாக்டர் சொன்னதை அவள் நினைவுபடுத்தியபோது, "அந்த ஆளுக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்?" என்று கரகரத்தார். அவருக்கு இப்போது சட்டென்று கோபம் வரும், அடுத்த நிமிஷமே கண் கலங்கும். இரண்டையும் அவளால் தாங்க முடியவில்லை. தம்பிதான் வழி சொன்னான்.

"மாமா கீழ நிக்கட்டும்கா. நான் மேல போறேன். அவர் படி ஏற வேணாம், கை நடுங்கினாலும் பரவால்ல. கட்டையைப் பிடுங்கிப் பையில வெச்சுட்டு நிக்கணும், அவ்வளவுதான். அதுவும் அவர் போட்ட சட்டம்."

கட்டை என்றதும் அவளுக்கு ஒன்று உறைத்தது. அவர் பையில் எந்நேரமும் ஒரு கட்டை கிடக்கிறதே! தம்பியிடம் சொன்னாள். அவனும் யோசித்தான். அந்தப் பழசை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லலாம் என்றால், அது இல்லாமல் அவர் படி இறங்க மாட்டார். லிப்ட் கதவு டிங் என்கிற இடத்தில் போய் நிற்பவருக்கு அதுவும் வேண்டும். கடைசியில் அவள் தன் தொழிலிலேயே வழி தேடினாள். வேலைச் சட்டைகளில் எல்லாம் உள்பக்கமாக இன்னொரு பை தைத்தாள். மூடி வைத்து, பட்டன் போட்டு, நெஞ்சோடு ஒட்டியிருக்கும்படி. பழைய கட்டை உள்பையில். வெளிப்பை காலி. பிடுங்கிய கட்டைக்கு மட்டும்தான் வெளிப்பை. அவரிடம் பலமுறை சொல்லிக் காட்டினாள், அவரும் தலையாட்டினார். தையல் கச்சிதமாக இருந்தது. வெளிப்பைக்கு நேர் பின்னால், நூல்கூட வெளியே தெரியாமல் உட்கார்ந்தது உள்பை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

முதல் நாள் கிளம்பும்போது, தம்பியைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"மேல கரண்ட் வருதான்னு நீயும் ஒரு தடவை டெஸ்டர் வெச்சுப் பார்த்துக்குவியாடா?"

"பார்த்துக்கலாம். ஆனா மேல டெஸ்டர் வெச்சேன்னு மாமாவுக்குத் தெரிஞ்சா? இத்தனை வருஷத்துல அவர் என்னை ஒரு நாளும் சோதிச்சதில்லக்கா. பையிலன்னு நான் சொன்னா, கையை வெச்சிடுவார்."

அவளுக்குக் கிழிந்த கடிகாரக் காகிதம் கண்ணில் வந்தது. "அப்ப வேணாம்" என்றாள். "அவரைச் சோதிக்காத. மனசு உடைஞ்சு போயிடுவார்."

இந்த ஒரு வார்த்தையை அவள் பிற்பாடு எத்தனையோ முறை வாயிலிருந்து திரும்பப் பிடுங்கப் பார்த்தாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. லிப்ட்காரர் சாயங்காலம் கிரீஸ் வாடையோடு வந்தார், அந்த வாடை அவளுக்கு வாசனையாகவே பட்டது. இரண்டு மாடி ஏறி ஒருமுறை நின்று, மூன்றாவது மாடியை மெதுவாக ஏறினார். பசிக்கிறது என்று வாய் விட்டுக் கேட்டார். ஆனாலும் சின்னச் சின்ன விஷயங்கள் அவள் கண்ணில் குத்தின. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சத்தியம் செய்வார். பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். பூட்டிவிட்டேன் என்பார், சாவி மேஜையில் கிடக்கும். பொய் சொல்கிறவர் இல்லை. செய்ய நினைத்ததும் செய்து முடித்ததும் அவருக்குள் ஒன்றாகிவிட்டிருந்தன. அணைக்க நினைத்தார், அணைத்த மாதிரியே ஞாபகம் நின்றது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். இந்த ஆனை தினமும் சறுக்குகிறதே என்று உள்ளே ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. அதன் வாயை அடைத்தாள்.

அந்த நாள் கடையில் கூட்டமில்லை. ஒருவர் தன் கோட்டைச் சின்னதாக்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஊசி ஏற்றுவதற்கு முன் பைகளைத் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். ஆட்கள் எதையாவது மறந்து விட்டுவிடுவார்கள், ஊசி உடையும். நெஞ்சுப் பக்கம் தடவினாள். கட்டியாக ஏதோ இருந்தது. வெளிப்பையில் விரலை விட்டாள். ஒன்றுமில்லை. மறுபடி தடவினாள். இருக்கிறது. மறுபடி விரல் விட்டாள். காலி. கோட்டைப் புரட்டினாள். உள்பையில் ஒரு சாவி கிடந்தது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. வெளியிலிருந்து தொட்டால் எந்தப் பை என்று தையல்காரியான அவளுக்கே தெரியவில்லை. லிப்ட்காரர் பையைப் பார்த்தா சொல்கிறார்? தொட்டுப் பார்த்துத்தானே சொல்கிறார். கச்சிதமாக, ஒன்றின் பின்னால் ஒன்றாக, அவளே தைத்தாளே.

போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில், கை முழுக்க கிரீஸாக இருக்கும்போது அவன் எடுக்க மாட்டான். அவருக்கு அடித்தாள். எடுத்தார்.

"என்னங்க, தம்பி எங்க?"

"மேல. சக்கரம் துடைக்கிறான். ஏன்?"

"கட்டை எங்க?"

அவள் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. அவர் சிரித்தார், சிரிப்பில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. துணியின் மேல் விரல் தட்டுகிற சத்தம் போனில் கேட்டது. "பையில."

"எந்தப் பையில?"

மறுபடியும் துணியின் மேல் தட்டுகிற சத்தம்தான் கேட்டது.

"வெளிப்பையில கையை விட்டுப் பாருங்க. தொடாதீங்க, உள்ள விட்டுப் பாருங்க!"

துணி உரசியது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். அது வேகமாகிக்கொண்டே போனது. அப்போது அந்த மூச்சுக்குப் பின்னால் டிங் என்றது. ஒரு கதவு மூடுகிற சத்தம். அதன் பின் தாழ்ந்த குரலில் ஏதோ ஒன்று முனக ஆரம்பித்தது. லிப்ட் ஓடுகிற சத்தம் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான், அவள் அதற்கு முன் அதைக் கேட்டுப் பயந்ததில்லை.

அவர் கத்தப் பார்த்தார். மாப்ளே என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்திருப்பார். கரகரவென்ற காற்றுதான் வந்தது. குழாய் தின்றுவிட்டுப் போன தொண்டையிலிருந்து, உயர்ந்த அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடி வரைக்கும் எது போய்ச் சேரும்? அவர் திரும்பத் திரும்பக் காற்றைக் கத்துவதை அவள் கேட்டாள். அவர் கையிலிருந்து போன் விழுந்தது.

அவள் செருப்பில்லாமல் ஓடினாள். எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று பிறகு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கட்டட வாசலில் வாட்ச்மேன் முழித்துக்கொண்டு நின்றான். படிக்கட்டுக்கு அடியில் போர்டு திறந்திருந்தது. பக்கத்தில் லிப்ட்காரர் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார். போர்டிலிருந்து பிடுங்கிய கட்டை, இப்போதுதான் பிடுங்கியது, அவர் மடியில் கிடந்தது. அவர் முன்னால் தம்பி குந்தியிருந்தான். முழுசாக இருந்தான். அவள் அவன் கைகளைப் பிடித்து விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு விரலில் நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. மற்றவையெல்லாம் இருந்தன.

"கண்ணுல வேர்வை விழுந்துச்சுக்கா. துடைச்சுக்கலாம்னு கையை எடுத்தேன். அந்த நேரத்துல சுத்துச்சு பாரு. துணியை அப்படியே உருவிட்டுப் போயிடுச்சு." அவன் சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

அன்று சாயங்காலம் மூவரும் வீட்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் டீயைத் தொடவில்லை. லிப்ட்காரர் முதலில் பேசினார். பேசும்போது அவர் கண் ஒரே இடத்தில் நின்றது.

"நான் பிடுங்கினேன். நல்லா ஞாபகம் இருக்கு. இடது கையால போர்டைத் திறந்தேன், வலது கையால பிடுங்கினேன், பையில போட்டேன். நான் கண்ணை மூடின நேரத்துல அந்த வாட்ச்மேன் எடுத்துத் திரும்ப மாட்டியிருக்கான். அவங்க அப்படித்தான் செய்வாங்க. அங்கயும் நான் கண்ணை மூடினப்பதான் வருவாங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். கட்டு போட்ட விரலைத் தடவிக்கொண்டே, "ஆமா மாமா, அவனாத்தான் இருக்கும்" என்றான். "நாளைக்குக் கட்டட ஆபீஸ்ல சொல்லி அவனை மாத்தச் சொல்றேன். வேலை பாதியில நிக்குது, காலையில போய் முடிச்சிடலாம். நீங்க கீழ நில்லுங்க, நான் மேல போறேன்."

அவன் எழுந்தான். குழந்தை காத்திருக்கும் என்றான். அவ்வளவுதான், நாளைக் காலையில் எல்லாம் பழையபடி நடக்கும். அவன் மேலே போவான், கேட்பான், இவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, "பையில" என்று நம்பியே சொல்வார். அவள் வாய்மூடி இருந்தால் போதும், புருஷனின் முகத்தில் மிச்சமிருக்கிற தெம்பு அப்படியே இருக்கும். எத்தனை நாள் என்றுதான் தெரியாது.

"உட்காருடா" என்றாள் அவள்.

அவன் உட்கார்ந்தான்.

"வாட்ச்மேன் ஒண்ணும் பண்ணல. இவர் பிடுங்கவே இல்ல. பிடுங்கணும்னு நினைச்சிருக்கார். உள்பையில இருந்ததைத் தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லியிருக்கார். நான் தைச்ச பை. நாளையிலேருந்து இவர் வரமாட்டார். நீ வேற ஆளைக் கூட்டிக்கோ, அவனையும் நம்பாத, டெஸ்டர் வெச்சுப் பார்."

லிப்ட்காரர் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. "அப்ப அதுவும் கனவா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த பணிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த மனுஷன் எதை வைத்து உண்மை எது, கனவு எது என்று பிரிப்பார்? நடந்த ஒன்றை, கையில் தழும்போடு இருந்த ஒன்றை, நடக்கவில்லை என்று சொன்னவளே அவள்தானே.

"இது கனவு" என்றாள். "ஆனா ஆஸ்பத்திரியில கையைக் கட்டினது கனவில்ல. நிஜம். நீங்க குழாயைப் பிடுங்கப் பார்த்தீங்க. நர்ஸ் என்னைக் கேட்டா. நான்தான் கட்டச் சொன்னேன்."

தம்பி தரையைப் பார்த்தான். தெருவில் எங்கோ ஒரு லாரி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது. லிப்ட்காரர் அதற்கு நடுங்கவில்லை. மெதுவாகத் தலையாட்டினார், ரொம்ப நாளாகத் தேடிய ஒரு சாமான் கிடைத்துவிட்டது போல. சட்டையைப் பிரித்து, உள்பையின் பட்டனைக் கழற்றி, ஓரம் உடைந்த அந்தக் கட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்து, மணிக்கட்டு மேலே தெரிய, அவள் முன்னால் நீட்டினார்.

"அப்ப இப்பவும் நீயே கட்டிடு" என்றார். "மாப்ள பொழைக்கட்டும்."

அவள் கட்டவில்லை. அந்தக் கைகளை எட்டிப் பிடித்துக்கொண்டாள். இளைத்துச் சில்லென்று இருந்தன, அந்தப் பீங்கான் மாதிரியே. விட்டுவிடவும் அவளுக்குப் பயமாக இருந்தது, இறுக்கிப் பிடிக்கவும் பயமாக இருந்தது. தம்பி கிளம்பிப் படி இறங்குகிற சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. அவர் கைகளை உருவிக்கொள்ளவில்லை, அவள் எப்போது முடிச்சுப் போடுவாள் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.